போர்ட் மெல்போர்னில் பாகங்களைப் பூட்டிச் செய்த ஜாவெலின் காருக்கு பெர்மிட் வாங்கிய கதை

விக்டோரியாவில் பழைய அமெரிக்க கார் ஒன்றை ரோட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர் முன்னால் முதலில் வந்து விழும் கேள்வி, ஸ்டீயரிங்கை வலது பக்கம் மாற்றியது யார், இன்ஜினியர் சர்டிஃபிகேட் எங்கே என்பதுதான். நியாயமான கேள்வி. இங்கே வலது ஸ்டீயரிங்கோடு ஓடும் மஸ்டாங், கமாரோவில் பல, அமெரிக்காவிலிருந்து இடது ஸ்டீயரிங்கோடு வந்து இறங்கி ஏதோ ஒரு பட்டறையில் மாற்றப்பட்டவை. என் காரை யாரும் மாற்றவில்லை. அது 1968 ராம்ப்ளர் ஜாவெலின். போர்ட் மெல்போர்ன் ஆலையிலிருந்து வெளியே வரும்போதே வலது ஸ்டீயரிங்கோடுதான் வந்தது. நான் கேட்டது கிளப் பெர்மிட், அதாவது பழைய கார் கிளப் மூலம் வருஷத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் ஓட்டக் கிடைக்கும் அனுமதி. அதற்காக, இன்ஜினைக் கழற்றி மாட்டியதைவிட இந்த ஒரு விஷயத்தை நிரூபிக்கத்தான் அதிகம் அலைந்தேன்.

பின்கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மஸ்டாங்குக்குப் போட்டியாக அமெரிக்கன் மோட்டார்ஸ், அதாவது ஏஎம்சி, 1968 மாடலாக இறக்கியதுதான் ஜாவெலின். டிக் டீக் தலைமையிலான குழு வரைந்த வடிவம். அமெரிக்காவில் அந்த ஒரு மாடல் வருஷத்திலேயே ஐம்பதாயிரத்துக்கு மேல் செய்தார்கள், அதனால் அங்கே அது அபூர்வம் இல்லை. ஆஸ்திரேலியாவில் முழுக் காராக இறக்கினால் சுங்க வரி தீட்டிவிடும். பாகங்களாகப் பெட்டியில் கொண்டுவந்து, உள்ளூர்ச் சாமான் சேர்த்து இங்கேயே பூட்டினால் வரி குறையும். அந்த வேலையைச் செய்தது ஆஸ்திரேலியன் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி, எல்லோரும் ஏஎம்ஐ என்பார்கள். ட்ரையம்ஃப் பூட்டினார்கள், 1963 முதல் டொயோட்டாவும் பூட்டினார்கள், பிற்பாடு அந்தக் கம்பெனியே டொயோட்டா கைக்குப் போய்விட்டது. டொயோட்டா கொரோனா கார் பூட்டிய அதே கம்பெனியில் வி8 ஜாவெலினும் பூட்டினார்கள் என்றால் இப்போது சிரிப்பு வருகிறது.

இங்கே பூட்டிய ஜாவெலின்கள் மொத்தமே சில நூறுக்குள்தான். அதன் இரட்டை சீட் தம்பி ஏஎம்எக்ஸ் இன்னும் மோசம், 24 மட்டும். ஜெர்மனியிலும் கார்மன் கம்பெனி ரைனே ஊரில் ஜாவெலின் பூட்டியது, அதுவும் முந்நூறைத் தொடவில்லை, ஆனால் அவை இடது ஸ்டீயரிங். இன்னொரு கூத்து, அமெரிக்காவில் இதற்கு இல்லாத ராம்ப்ளர் என்ற பெயரில் இங்கே இதை விற்றார்கள். ஒரு அமெரிக்க நண்பருக்குப் போட்டோ அனுப்பினேன், ஜாவெலின் மேல் ராம்ப்ளர் என்று எழுதியிருக்கிறதே, யாரோ உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று பதில் போட்டார். சரி, அவர்மேல் தப்பில்லை.

நான் வாங்கும்போது கார் கிப்ஸ்லாந்து பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் இருந்தது. ரெஜிஸ்ட்ரேஷன் போய் எத்தனையோ வருஷம். 343 வி8, அதாவது 5.6 லிட்டர், ஆட்டோமேட்டிக் கியர். விற்ற பெரியவர் ஒரு பிஸ்கட் டின்னையும் சேர்த்துக் கொடுத்தார், உள்ளே பழைய ரெஜிஸ்ட்ரேஷன் தாள்கள், சர்வீஸ் பில்கள், கார் முதலில் விற்றபோது போட்ட ரசீது. அப்போது அதை மரியாதைக்காகத்தான் வாங்கி வைத்தேன். இப்போது கேட்டால், இதுமாதிரி கார் வாங்குகிறவர் இன்ஜின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் அந்த டின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பேன். இன்ஜின் அமெரிக்காவில் கிடைக்கும்.

ஏனென்றால் மெக்கானிக்கல் சாமான் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், அங்கிருந்து வாங்கிவிடலாம். ஏஎம்சி வி8-ல் தெரிந்துகொள்ள வேண்டிய குறும்புகள் சில உண்டு. ஆயில் பம்ப் உட்கார்ந்திருப்பது முன்பக்க அலுமினியம் டைமிங் கவருக்குள்ளேயே. உள்சுவர் தேய்ந்துவிட்டால் பம்ப் கியரை மட்டும் மாற்றிப் பயனில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் கியரையும் கேம்ஷாஃப்ட்மேல் இருக்கும் கியரையும் ஜோடியாகத்தான் போட வேண்டும், பழையதோடு புதியதைச் சேர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பின் ஆக்சிலில் சக்கரம் மாட்டும் ஹப் தனி, அதைச் சுழற்றும் ஷாஃப்ட் தனி. புது ஹப்பை ஷாஃப்ட்மேல் இறுக்கும்போது ஷாஃப்டின் பல்லே ஹப்புக்குள் தனக்கான வெட்டைப் போட்டுக்கொள்கிறது, அதனால் பழைய ஹப்பை வேறு ஷாஃப்டில் மாட்டக் கூடாது, நட்டை 340 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டும். சின்ன டார்க் ரெஞ்ச் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள். முன் சஸ்பென்ஷனில் மேல்பக்கம் பால் ஜாயிண்ட் கிடையாது, ட்ரனியன் என்ற பழைய அமைப்பு. 1970 மாடலில்தான் ஏஎம்சி அதை மாற்றியது. ட்ரனியன் ரப்பர் காய்ந்து போயிருந்தால் ரோட்வொர்த்தி டெஸ்டில், அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனையில், கண்டிப்பாகப் பிடிப்பார்கள்.

அமெரிக்காவில் வாங்கலாம் என்றேனே, அதிலும் ஒரு தடை. ஆஸ்திரேலியாவில் 2003 கடைசியிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் முழுத் தடை. பழைய ஸ்டாக் பிரேக் ஷூ, கேஸ்கெட் எதிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் பார்டரில் நிறுத்திவிடுவார்கள். இதில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று ஓஹையோவில் இருக்கும் கடைக்காரரைக் கேட்டால், அவர் என்னை ஏதோ வேற்றுக் கிரகவாசி மாதிரி பார்க்கிறார், நாற்பது வருஷமாக அலமாரியில் கிடக்கும் பெட்டிக்கு அவர் எங்கே போய் ஆதாரம் தேடுவார், பாவம். என் வழி இதுதான்: கேஸ்கெட் புதுத் தயாரிப்பாக, எழுத்தில் உறுதி தருபவரிடம் மட்டும், பிரேக் ஷூவை வெளியில் வாங்கவே இல்லை, பழைய ஷூவைக் கொடுத்து இங்கேயே லைனிங் ஒட்டிக்கொண்டேன். பழைய லைனிங்கை நீங்களாகச் சுரண்டாதீர்கள், தூசு ஆபத்து.

வலது ஸ்டீயரிங்குக்கென்று இருக்கும் சாமான்கள்தான் உண்மையான தலைவலி. டேஷ்போர்டு, உள்அலங்காரம் எல்லாம் ஏஎம்ஐக்காக உள்ளூரில் செய்தவை. அமெரிக்க கேட்டலாகை எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காது. ஹெட்லைட் இதிலே சுலபமான கேஸ்: யாரோ நடுவில் அமெரிக்க சீல்டு பீம், அதாவது கண்ணாடியும் பல்பும் ஒரே துண்டான விளக்கு, மாட்டியிருந்தார்கள், அது டிம் செய்யும்போது வெளிச்சம் வலது பக்கம் சாயும், இங்கே அது எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஏழு அங்குல வட்ட விளக்குதான் என்பதால் இந்த நாட்டுக்கான ஜோடியைப் பக்கத்துக் கடையிலேயே வாங்கி மாட்டிவிட்டேன்.

இப்படியாக ரோட்வொர்த்தி டெஸ்டுக்குப் போனேன். பரிசோதகர் நல்ல மனுஷர், பேனட்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கன்வெர்ஷன் ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே, எங்கே செய்தீர்கள்?" என்றார். போர்ட் மெல்போர்னில், 1968-ல் என்றேன். சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங் மாற்றிய காருக்கு வாஸ் இன்ஜினியர் சர்டிஃபிகேட் இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது என்றார். வாஸ் என்பது இங்கே மாற்றம் செய்த வண்டிகளைப் பார்த்துச் சான்று தர அங்கீகாரம் பெற்ற இன்ஜினியர்களின் ஏற்பாடு.

ஒரு வாஸ் இன்ஜினியரிடமும் பேசினேன். கார் திடமாக இருக்கிறது, கன்வெர்ஷன் என்று எழுதிச் சான்று தருகிறேன், உங்கள் வேலை முடிந்துவிடும் என்றார். பணம் கட்டினால் தீர்ந்தது. வீட்டில்கூட, எப்படியாவது வாங்கித் தொலையுங்களேன், கராஜில் துணி காயப்போட இடமில்லை என்றாள் மனைவி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தாளில் ஒருமுறை "மாற்றப்பட்ட வண்டி" என்று ஏறிவிட்டால் காரின் கதையே பொய்யாகிவிடும். நாளைக்கு என்னிடமிருந்து வாங்குகிறவர், இன்ஷூரன்ஸ்காரர், எல்லோரும் அந்தத் தாளைத்தான் நம்புவார்கள். இந்தக் காரில் அபூர்வம் என்று ஒன்று இருந்தால் அது அந்த வலது ஸ்டீயரிங்தானே.

அதனால் ஆதாரம் சேர்த்தேன். இன்ஜின் அறையில் இருக்கும் ஏஎம்ஐ தகடு, பெயின்டை மெதுவாக எடுத்து எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ. பிஸ்கட் டின்னிலிருந்து முதல் ரசீதும் பழைய ரெஜிஸ்ட்ரேஷன் தாளும், அதே எண்ணோடு. அந்தக் காலத்து ஏஎம்ஐ விளம்பரத் தாள் ஒன்றின் நகல், வலது பக்க டேஷ்போர்டு படத்தோடு. எல்லாவற்றுக்கும் மேலே, நான் சேர்ந்திருந்த கிளப்பில் இந்த ரகக் கார்களைக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் நேரில் வந்து, காருக்கு அடியில் படுத்துப் பார்த்து, இது ஆலையிலேயே இப்படிச் செய்தது என்று கடிதம் கொடுத்தார். டீ மட்டும்தான் குடித்தார், காசு வாங்கவில்லை.

கோப்பை எடுத்துக்கொண்டு அதே பரிசோதகரிடம் போனேன். ஒவ்வொரு தாளாகப் படித்தார், யாருக்கோ போன் போட்டார், அப்புறம் ட்ரனியனையும் பிரேக்கையும் வழக்கம்போல் சோதித்துவிட்டு சர்டிஃபிகேட் எழுதினார். அது 30 நாளைக்குத்தான் செல்லும், அதனால் கிளப் கையெழுத்து, கார் போட்டோ, விண்ணப்பம் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது நல்லது. கிளப் பெர்மிட்டில் வருஷத்துக்கு 45 நாள் அல்லது 90 நாள் ஓட்டலாம். நான் 45 எடுத்தேன், பெட்ரோல் விலைக்கு அதுவே அதிகம். ஓட்டும் நாளில் கிளம்புவதற்கு முன்னால் லாக்புக்கில் தேதி எழுதிவிட வேண்டும், எழுதாமல் ஓட்டினால் ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத வண்டி கணக்குதான். பேனாவை காரிலேயே கட்டிப் போட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சந்தை மதிப்புக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், விற்பனைக்கே வராத காருக்கு ஏது சந்தை. ஒப்புக்கொண்ட தொகை என்று எழுதி வாங்குங்கள், அதற்கும் அந்தக் கிளப் கடிதம்தான் உதவியது.

டேஷ்போர்டின் மேல் பேட் இன்னும் வெடித்தபடிதான் இருக்கிறது. அமெரிக்காவில் கிடைப்பது இடது ஸ்டீயரிங்குக்கானது, இங்கே பொருந்தாது. பழையதை வைத்து அச்சு எடுத்துச் செய்து தருகிறேன் என்று டாண்டெனாங்கில் கார் உள்அலங்கார வேலை செய்யும் ஒரு டிரிம்மர் சொல்லியிருக்கிறார், ஆனால் ஒன்றுக்கு மட்டும் அச்சு செய்தால் விலை கட்டாது என்கிறார். ஏஎம்ஐ ஜாவெலின் வைத்திருக்கிற இன்னும் ரெண்டு மூன்று பேர் சேர்ந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம்.