ஆறரைக் கிலோ பிள்ளைக்கு 40 மில்லிகிராம்

பாப்பாவுக்கு அப்போது ஐந்தரை மாதம். தூங்கி எழுந்ததும் ஒரு மாதிரி செய்வாள். தலை சட்டென்று முன்னால் தொங்கும், இரண்டு கையும் விரிந்து மேலே எழும், கண் மேலே போகும். ஒரு நொடிதான், உடனே தளர்ந்துவிடுவாள். பத்துப் பதினைந்து நொடி கழித்து மறுபடியும் அதேதான். இப்படிப் பத்து, பன்னிரண்டு தடவை நடக்கும், முடிகிறபோது ஓங்கி ஒரு அழுகை. அந்த அழுகையை வைத்துத்தான் எல்லாரும் வயிற்று வலி என்று நினைத்தோம்.

நான் அம்மா வீட்டில் இருந்தேன், அம்பாசமுத்திரம் பக்கம். ஆச்சி பார்த்துவிட்டு "பிள்ளைக்கு உரம் விழுந்திருக்குட்டீ" என்றாள். பழைய சேலையில் பாப்பாவைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து உருட்டி உரம் எடுத்தார்கள். முதலில் காட்டிய டாக்டர் வாயுதான் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வலிப்பு என்றால் வாயில் நுரை தள்ளும், கை கால் வெட்டி இழுக்கும், ஓடிப்போய் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டும் என்றுதானே நாம் எல்லாரும் நினைத்து வைத்திருக்கிறோம். இது அப்படி இல்லை. யாருக்கோ குனிந்து கும்பிடு போடுவதுபோல இருந்தது. எனக்கே முதல் இரண்டு நாள் அது அழகாகத்தான் தெரிந்தது.

அப்படியே 19 நாள் போய்விட்டது.

மூன்று மாதத்திலேயே சிரிக்க ஆரம்பித்தவள் அவள். ஆச்சி இடுப்பில் செருகியிருக்கும் சாவிக்கொத்து கிணுங்கினாலே திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எந்த நாளில் நின்றது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஆச்சி சாவிக்கொத்தை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினாள், பாப்பா அதைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு கிடந்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எதிர்வீட்டு அக்கா நர்ஸாக இருந்தவர், அவர்தான் "வாயால சொல்லாத, அடுத்த தடவை செய்யும்போது போன்ல வீடியோ எடு" என்றார். மறுநாள் காலையில் எடுத்தேன். 47 நொடி. என்னைக் கேட்டால், கைக்குழந்தை ஏதாவது புரியாத மாதிரி திரும்பத் திரும்பச் செய்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

மதுரையில் குழந்தைகளுக்கு நரம்பியல் பார்க்கும் டாக்டர் அந்த வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டு இரண்டு தடவை பார்த்தார். அன்றே ஈஈஜி எடுக்கச் சொன்னார், மூளையின் மின் அலைகளைக் கோடு கோடாகக் காட்டுகிற சோதனை அது. தலையெல்லாம் பசை தடவி ஒயர் ஒட்டி, என் மடியில் தூங்க வைத்து எடுத்தார்கள். திரையைத் திருப்பி எங்களுக்கும் காட்டினார். சாதாரணமாக அந்தக் கோடுகளில் ஒரு ஒழுங்கு இருக்குமாம். பாப்பாவுடையதில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை, கன்னாபின்னாவென்று மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஹிப்ஸாரித்மியா என்று அதற்குப் பெயர். நோய்க்குப் பெயர் இன்ஃபன்டைல் ஸ்பாசம், வெஸ்ட் சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள். அவர் சொன்னதில் எனக்கு மனதில் தைத்தது ஒன்று: குனிகிற அந்த ஒரு நொடியில் மட்டும் இல்லை, மற்ற நேரத்திலும் உள்ளே இந்தக் கொந்தளிப்புதான், அதனால்தான் பிள்ளை சிரிப்பை மறந்துவிட்டாள், இது நிற்கிறவரை புதிதாகக் கற்றுக்கொள்வதும் கஷ்டம்.

எம்ஆர்ஐயில் காரணமும் தெரிந்தது. பிறந்த மூன்றாம் நாள் சரியாகப் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாள், "அமைதியான பிள்ளை" என்று எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் பூரித்துப்போனோம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போயிருக்கிறது. கண்டுபிடித்து ஐசியூவில் வைத்துச் சரிசெய்தார்கள், நாங்களும் அத்தோடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டோம். மூளையின் பின்பக்கத்தில் அதன் தழும்பு இருந்திருக்கிறது. கண் பார்ப்பதைப் புரிந்துகொள்ளும் பகுதி அதுதான்.

அப்புறம் மருந்து. டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று ஸ்டீராய்டு. பிரட்னிசலோன் மாத்திரையைக் கரைத்து வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு வேளை, 14 நாள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவது. உடம்பையே ஸ்டீராய்டு சுரக்க வைக்கிற ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ஊசியும் உண்டு, விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. இன்னொன்று விகாபாட்ரின், அது நேரடியாக வலிப்பு மருந்து, ஆனால் விழித்திரையைப் பாதிக்கலாம், பக்கவாட்டுப் பார்வை சுருங்கலாம், சுருங்கினால் திரும்ப வராது. டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் என்ற நோய் உள்ள பிள்ளைகளுக்கு விகாபாட்ரின்தான் முதலில் கொடுப்பார்களாம். பாப்பாவின் தோலில் அந்த நோய்க்கு அடையாளமான வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று இருட்டறையில் ஊதா விளக்கு அடித்துப் பார்த்தார், இல்லை. அதனால் ஸ்டீராய்டில் ஆரம்பிக்கலாம், நாளைக் காலையே வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார்.

அன்று ராத்திரி மதுரையில் சின்ன மாமனார் வீட்டில் தங்கினோம். அவர் பல வருஷமாக ஆஸ்துமாவுக்கு மருந்து எடுப்பவர், பிரட்னிசலோன் என்ற பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுபது கிலோ ஆளு நான், எனக்கு மூச்சு முட்டுறப்பவே 20 மில்லிகிராம்தான் கொடுத்தாங்க, அதுவும் அஞ்சு நாளு. ஆறரைக் கிலோ பிள்ளைக்கு நாப்பதா?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஊரிலிருந்து அத்தை போன் செய்தார்கள். "ஆரம்பிச்சா விட முடியாதும்மா, எலும்பெல்லாம் போயிரும்னு சொல்றாங்க, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே." அந்த ராத்திரி யாருமே மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்றுதான் சொன்னார்கள். எனக்கும் அந்த வார்த்தை இதமாக இருந்தது, அதுதான் உண்மை.

என் வீட்டுக்காரர் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று இடது பக்கம் எழுதினோம்: ரத்த அழுத்தம் ஏறலாம், சர்க்கரை ஏறலாம், எதிர்ப்புச் சக்தி குறையும், கிருமி தொற்றினால் தாங்காது, வயிற்றில் புண் வரலாம், முகம் ஊதும், தூங்காமல் அழுவாள். தாள் நிறைந்துவிட்டது. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற வலது பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லாமல் காலியாகக் கிடந்தது. மருந்து டப்பாவுக்குள் பொடி எழுத்தில் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள், நோய்க்கு அப்படி எதுவும் வருவதில்லையே. விடியற்காலை நாலு மணிக்கு பாப்பா எழுந்தாள், தலை தொங்கியது. நாங்கள் இருவரும் எண்ணினோம். 14. அவர் அந்த வலது பக்கத்தில் 14 என்று எழுதி, அதற்குக் கீழே "சிரிப்பு" என்று எழுதினார்.

காலையில் டாக்டரிடம் கேட்டேன், "ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தா என்ன டாக்டர்?" அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார், "ஏற்கெனவே 19 நாள் பொறுத்தாச்சேம்மா." சின்ன மாமனார் கேட்ட கேள்வியையும் கேட்டேன். குறைந்த அளவில் நீண்ட நாள் கொடுப்பதைவிட, இந்த நோய்க்குத் தேவையான அளவைக் கொஞ்ச நாள் கொடுத்து எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். 2004இல் இங்கிலாந்தில் 107 குழந்தைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வைப் பற்றியும் சொன்னார். இரண்டு வாரத்தில் ஹார்மோன் மருந்து (பிரட்னிசலோன் அல்லது ஏசிடிஎச் வகை ஊசி) கொடுத்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு நின்றிருக்கிறது, விகாபாட்ரின் கொடுத்தவர்களில் 54 சதவீதம். ஆனால் 14 மாத வயதில் பார்த்தபோது இரண்டு பக்கமும் முக்கால்வாசிப் பேருக்கு நின்றிருந்தது, அதையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். கையெழுத்துப் போட்டோம்.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி நிறைய எழுத வேண்டாம். இரண்டு விரல் அகலப் பட்டையைச் சுற்றித் தினமும் பிபி பார்த்தார்கள், சிறுநீரில் சர்க்கரை பார்த்தார்கள், வயிற்றுக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். அம்மை போட்டவர்கள் யாரும் பக்கத்தில் வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். நாங்களாக ஸ்டீராய்டை நிறுத்திவிடவும் கூடாது, திடீரென்று நிறுத்தினால் உடம்பு சொந்தமாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் ஆபத்தாகிவிடும். ஆறாம் நாள் வரைக்கும் ஒன்றும் மாறவில்லை. ஏழாம் நாள் 60 மில்லிகிராமாக ஏற்றினார்கள், அன்று நான் கழிவறையில் போய் நின்று அழுதேன். பத்தாம் நாள் காலையில் எழுந்தாள், ஒன்றும் செய்யவில்லை. பதினோராம் நாளும் இல்லை. இரண்டு வாரம் முடிந்து எடுத்த ஈஈஜியில் அந்தக் கொந்தளிப்பு போயிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது முகம் இட்லி மாதிரி உப்பியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "பிள்ளை நல்லாத் தேறிட்டாளே" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். ஒவ்வொருவரிடமும் அது மருந்து ஊதல் என்று விளக்கத் தெம்பில்லாமல் தலையாட்டினேன். ராத்திரி மூன்று மணிக்கும் பசி, பசி என்று அழுவாள். அப்படிப்பட்ட ஒரு ராத்திரியில்தான் இந்த நோய்க்குப் பெயர் தந்த அந்த டாக்டர் வெஸ்டைப் பற்றிப் போனில் தேடித் தேடிப் படித்தேன். இங்கிலாந்து டாக்டரான அவர் 1841இல் லான்செட் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், கிட்டத்தட்ட ஒரு வயதான தன் சொந்த மகனைப் பற்றி. தலை முன்னால் சாய்கிறது, திரும்பத் திரும்பச் சாய்கிறது, சிரிப்பதில்லை என்று, நான் பார்த்ததையெல்லாம் அந்த அப்பா எழுதியிருக்கிறார். அட்டை வைத்து ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார், அப்போதிருந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார், எதுவும் கேட்கவில்லை, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். இந்த நோய்க்கு ஏசிடிஎச் கேட்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது 1958இல்தான். எங்கள் தாளின் வலது பக்கத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

ஸ்டீராய்டு நிறுத்தி ஆறு வாரத்தில் மறுபடி வந்துவிட்டது. இந்த முறை 19 நாள் எல்லாம் இல்லை, இரண்டாம் நாளே வீடியோவோடு மதுரையில் நின்றோம். இப்போது விகாபாட்ரின். இதுதான் எனக்கு முதல் முடிவைவிடக் கஷ்டமாக இருந்தது. ஏற்கெனவே மூளையில் அடிபட்டிருப்பது பார்வைக்கான இடம், அதோடு விழித்திரையையும் பணயம் வைப்பதா? நீண்ட காலம் எடுத்த பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்காவது பக்கப் பார்வை சுருங்கியிருக்கிறது. பெரியவர்கள் என்றால் சோதித்துப் பார்க்கலாம், புள்ளி தெரிகிறதா என்று கேட்கலாம். எட்டு மாதப் பிள்ளை "அம்மா, ஓரத்துல தெரியல" என்று எப்படிச் சொல்லும்? டாக்டர் சொன்னது: ஆறு மாதத்தோடு நிறுத்திவிட்டால் அபாயம் குறைவு, அதற்குமேல் கொண்டுபோக மாட்டேன், கண் டாக்டரிடம் இடையிடையே காட்டுவோம். என் வீட்டுக்காரர் இந்த முறை தாளை எடுக்கவில்லை. "கண் ஓரத்துல கொஞ்சம் போனாலும் அவ நம்மள அடையாளம் தெரிஞ்சுக்கணும்ல" என்று மட்டும் சொன்னார்.

500 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் 7 மில்லி எடுத்து, காலையும் ராத்திரியும். மீதி 3 மில்லியைக் கொட்டிவிட வேண்டும். (இது அவளுடைய எடைக்கு அவளுடைய டாக்டர் சொன்ன அளவு, இதைப் பார்த்து யாரும் அளவு போட்டுவிடாதீர்கள்.) ஒன்பதாம் நாள் நின்றது, இதுவரை வரவில்லை. முதல் மாதம் எப்போதும் தூக்கக் கலக்கமாகவே இருந்தாள். இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. பிடித்துக்கொண்டு உட்காருகிறாள், பிடிக்காமல் கொஞ்ச நேரம். மற்றப் பிள்ளைகள் நடக்கிற வயது, தெரியும். வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போகிறோம்.

சிரிப்பு முதல் மருந்து முடிந்த மூன்றாம் வாரமே திரும்பிவிட்டது. சாவிக்கொத்துக்குத்தான் முதலில் சிரித்தாள், ஆச்சி அன்று முழுக்க அதை இடுப்பில் செருகவே இல்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஆறு மாதக் கணக்கு இந்த மாதம் முடிகிறது, மருந்தைக் குறைத்துக்கொண்டு வருகிறோம். சாவிக்கொத்து சத்தம் போடும், அது காதுக்கான சோதனை ஆகிவிடும், கண்ணுக்குச் சத்தமில்லாத பொருளாக வேண்டும் என்று தெரபி கொடுக்கிற பெண் சொன்னாள். அதனால் சிவப்பு உல்லனில் ஒரு பந்து செய்து வைத்திருக்கிறேன். தினமும் ராத்திரி மருந்து கொடுப்பதற்கு முன்னால் அவளை மடியில் உட்கார வைத்து, அவள் காதுக்குப் பின்னாலிருந்து அந்தப் பந்தை மெதுவாக முன்னே கொண்டுவருவேன், எங்கே வரும்போது திரும்புகிறாள் என்று பார்ப்பேன். நேற்று இடது பக்கம் மூன்று தடவைக்கு மூன்று தடவையும் திரும்பினாள். வலது பக்கம் ஒரு தடவை.