பரந்தன் வெயிலில் 22.4 செல்லாது

"ரீச்சர், 22.4 ஆல பெருக்கிறதோ பிரிக்கிறதோ?"

உயர்தர முதல் வருடப் பிள்ளைகளிடம் இருந்து இந்தக் கேள்வி வராத வருடமே கிடையாது. "எந்த வெப்பநிலையில?" என்று திருப்பிக் கேட்பேன். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

22.4 லீற்றர் என்பது 0 பாகை செல்சியஸில், ஒரு வளிமண்டல அமுக்கத்தில், ஒரு மூல் வாயு பிடிக்கிற இடம். மூல் என்பது டசின் மாதிரி, மூலக்கூறுகளை எண்ணுகிற ஒரு அளவு. 0 பாகையைக் கிளிநொச்சியில் ஐஸ் பெட்டிக்குள் தவிர வேறெங்கே காண்பது? எங்கள் ரியூசன் கொட்டிலில் பின்னேரம் 32 பாகை என்று வையுங்கள், அதாவது 273 ஐக் கூட்டினால் 305 கெல்வின் (0 பாகை என்பது 273 கெல்வின்). 22.4 ஐ 305 ஆல் பெருக்கி 273 ஆல் பிரித்தால் 25 வரும். வன்னி கடல்மட்டத்தை ஒட்டிய தரை, அமுக்கத்தை ஒரு வளிமண்டலமாகவே எடுக்கலாம். ஆக, எங்கள் ஊர் மூலர்க் கனவளவு 25 லீற்றர். வாயுவின் மூல் எண்ணிக்கையை இதனால் பெருக்கினால் கனவளவு, கனவளவை இதனால் பிரித்தால் மூல். அவ்வளவுதான்.

கணக்குக்கு நான் எப்போதும் எடுப்பது பரந்தன் கெமிக்கல் பக்டரியைத்தான். போருக்கு முன்னர் ஆனையிறவு உப்பில் இருந்து எரிசோடாவும் குளோரீனும் செய்த இடம். உப்புக் கரைசலுக்குள் மின்சாரம் செலுத்தி மின்பகுத்தால் இரண்டு மூல் உப்புக்கு ஒரு மூல் குளோரீன், ஒரு மூல் ஐதரசன், இரண்டு மூல் எரிசோடா. சரி, ஒரு கிலோ உப்பில் எத்தனை லீற்றர் குளோரீன்?

ஒரு மூல் உப்பு 58.5 கிராம். 1000 ஐ 58.5 ஆல் பிரித்தால் 17.1 மூல் உப்பு. இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் அதையே 25 ஆல் பெருக்குவார். உப்பு எப்போதிருந்து வாயுவானது, தம்பி? முதலில் சமன்பாட்டைப் பார்த்துப் பாதியாக்கு: 8.55 மூல் குளோரீன். இப்போது பெருக்கு, ஏறக்குறைய 214 லீற்றர். தண்ணி பிடிக்கிற 200 லீற்றர் பரலுக்குள் அடங்காது. 22.4 போட்டவருக்கு 192 தான் வரும், அவருடைய குளோரீன் பரலுக்குள் அடங்கிவிடும்!

ஐதரசனும் அதே 214 லீற்றர். போன மாதம் ஒரு பிள்ளை இதை ஏற்கவே மாட்டேன் என்று நின்றாள். அவளுடைய அப்பப்பா அந்தப் பக்டரியில் வேலை செய்தவர், அதனால் இந்தக் கணக்கு அவளுக்குச் சொந்தக்காரக் கணக்கு. "குளோரீன் 607 கிராம், ஐதரசன் 17 கிராம். எப்பிடி ரீச்சர் ஒரே இடம் பிடிக்கும்?" நல்ல கேள்வி. சாதாரண அமுக்கத்தில் வாயு மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள வெளி அவற்றின் பருமனை விட மிகப் பெரிது. கனவளவு முழுக்க அந்த வெளிதான், மூலக்கூறு பெரிதோ சிறிதோ கணக்கில் வராது. ஒரே வெப்பநிலை, ஒரே அமுக்கம் என்றால் சம கனவளவில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் என்று 1811 இலேயே அவகாதரோ சொல்லிவிட்டார். திணிவு மட்டும்தான் வேறு. அதனால்தான் குளோரீன் காற்றை விட இரண்டரை மடங்கு பாரமாகி நிலத்தோடு கிடக்கும், ஐதரசன் மேலே ஓடிவிடும். அவள் அரைமனதோடு எழுதிக்கொண்டாள்.

அப்புறம் 22.4 க்குப் பதிலாக 22.7 என்று ஒரு எண்ணும் சில புத்தகங்களில் வரும். அச்சுப்பிழை இல்லை. நியம அமுக்கத்தை 1982 இல் 1 பார் ஆக, அதாவது 100,000 பஸ்காலாகக் குறைத்தார்கள், பழையது 101,325. அமுக்கம் குறைந்தால் கனவளவு கொஞ்சம் கூடும்தானே.

பரீட்சையில் என் 25 ஐ எழுதிவிட்டு வந்து என்னைத் திட்டக்கூடாது. வினாவில் தந்த வெப்பநிலையையும் அமுக்கத்தையும் இலட்சிய வாயுச் சமன்பாட்டில் (PV = nRT) போடுங்கள். கனவளவு கன சென்ரிமீற்றரில் தந்திருந்தால் முதலில் 1000 ஆல் பிரித்து லீற்றராக்குங்கள். புள்ளி அதிகம் பறிபோவது அங்கேதான்.