யுங்கர்ஸ் யூ-52 மாடல்: நெளிதகட்டோடு ஒரு மல்லுக்கட்டு

கட்ட வேண்டும் என்று பல காலமாக ஆசைப்பட்ட ஜெர்மன் விமானம் இது. உடல், இறக்கை, வால் எல்லாமே நெளிதகடு, அதாவது அலை அலையாக நெளித்த உலோகத் தகடு. 72-இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் கிட். நிஜ விமானம் ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 29.25 மீட்டர், மாடலில் 40 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. அலமாரியில் இடம் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டியதும் சவால் தொடங்கிவிட்டது. மற்ற மாடல்களில் இணைப்புக் கோட்டில் புட்டி வைத்து உப்புத்தாளால் தேய்த்தால் போதும். இங்கே தேய்த்தால் நெளிவும் சேர்ந்து மழுங்கிவிடும். அதனால் உதிரிபாகங்கள் கோத்திருந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, மெழுகுவர்த்திச் சுடரில் இளக்கி, மெல்லிய இழையாக இழுத்து, இணைப்பின் மேல் நீளவாக்கில் ஒட்டினேன். பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பிறகு அது இன்னொரு நெளிவாகவே தெரிகிறது. இறக்கையின் முன்விளிம்பில் இந்த வழி நடக்காது, அங்கே நெளிவுகள் இணைப்புக்குக் குறுக்கே ஓடுகின்றன. சிறு உருண்டை அரத்தால் ஒவ்வொரு பள்ளமாகத் தீட்டினேன். பொறுமை வேண்டும், ஆனால் பலன் கண்ணுக்குத் தெரியும்.

இந்த நெளிவு அழகுக்காக வைத்ததல்ல. மெல்லிய தகடு அழுத்தம் வந்தால் சுருங்கி மடங்கும். நெளித்துவிட்டால் நெளிவின் திசையில் விறைத்து நிற்கும். யுங்கர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஹ்யூகோ யுங்கர்ஸ், விமானத்துக்கு வருவதற்கு முன்பே ஜெர்மனியின் டெசா நகரில் எரிவாயு வெந்நீர்க் கலன்கள் செய்தவர். தகட்டு வேலை தெரிந்த ஆட்கள் அவரிடம் இருந்தார்கள். மரமும் துணியும் கம்பியுமாக விமானங்கள் பறந்த 1915-இல், முழுக்க உலோகத்தாலான ஜே-1 அவர் பட்டறையிலிருந்து பறந்தது. அது இரும்புத் தகடு, எடை அதிகம். பிறகு டியூராலுமின் என்ற அலுமினியக் கலவைக்கு மாறினார்கள். 1919-இல் வந்த எஃப்-13, நான்கு பயணிகளை மூடிய அறைக்குள் உட்கார வைத்துப் பறந்த முழு உலோக விமானம். என்னைக் கேட்டால், யூ-52-ஐ விடப் பெரிய பாய்ச்சல் அதுதான்.

சரி, மாடலுக்கு வருவோம். பக்கவாட்டு எஞ்சின்கள் இரண்டும் நேராக முன்னே பார்க்காமல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். ஒட்டும்போது நேராக்கிவிடாதீர்கள். ஒரு எஞ்சின் நின்றாலும் விமானம் பெரிதாக ஒரு பக்கம் திரும்பாமல் இருக்க இந்தக் கோணம் உதவுகிறது. 1930-இல் முதலில் பறந்த யூ-52-க்கு ஒரே எஞ்சின்தான். மூன்று எஞ்சின் வடிவம் 1932-இல் வந்தது. இறக்கையின் பின்விளிம்புக்குக் கீழே, சிறு இடைவெளி விட்டு, முழு நீளத்துக்கும் இன்னொரு மெல்லிய இறக்கை தொங்கும். மெதுவாக இறங்கவும் சிறிய ஓடுதளத்தில் நிற்கவும் முடிந்ததற்கு அது முக்கியக் காரணம். கிட்டில் இந்தப் பாகம் மிக மெலிது. வண்ணம் அடித்து முடித்த பிறகு ஒட்டுவதே நல்லது.

எந்த நாட்டு டெகால் (சின்னங்களும் எண்களும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டுவது என்று நிறைய யோசித்தேன். 1933-இல் நாஜி அரசு யுங்கர்ஸை மிரட்டி, காப்புரிமைகளையும் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளையும் பிடுங்கிக்கொண்டது. சொந்த ஊர் டெசாவுக்குள் நுழையவும் தடை. 1935 பிப்ரவரி 3, தன் 76-ஆவது பிறந்தநாளன்று அவர் இறந்தார். 1937-இல் ஸ்பெயினின் கெர்னிகா நகரத்தின் மேல் குண்டு போட்டவற்றில் யூ-52-களும் உண்டு. அவர் பெயர் தாங்கிய விமானத்தில் நாஜி வால்சின்னத்தை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. சுவிஸ் விமானப்படை 1939-இல் வாங்கிய மூன்று யூ-52-கள் 1981 வரை பணியில் இருந்தன. அவற்றில் ஏ-702 என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பின்னர் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறந்த அதே விமானம் 2018 ஆகஸ்டில் ஆல்ப்ஸ் மலையில் விழுந்து, அதிலிருந்த 20 பேரும் இறந்தார்கள். அவர்கள் நினைவாகவும் இந்த எண்.

வெள்ளி வண்ணம் அடித்தாயிற்று. பள்ளங்களில் நீர்த்த அடர்சாம்பல் ஆயில் பெயிண்டை ஓடவிட்டு, மேடுகளைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். கறுப்பு வேண்டாம், இந்தச் சின்ன அளவில் வரிக்குதிரை மாதிரி ஆகிவிடும். டெகாலை நெளிவுக்குள் படிய வைக்க மென்மையாக்கும் திரவத்தைப் பலமுறை தடவ வேண்டியிருக்கிறது. இடது இறக்கையில் நன்றாகப் படிந்துவிட்டது. அடுத்து வலது இறக்கை, அப்புறம் புகைபோக்கிக் குழாய்களுக்குத் துரு நிறம்.