கரண்ட் போனா மீன் தொட்டியையும் ஒருக்கா பாருங்க

மாரி தொடங்கினா மட்டக்களப்புல கரண்ட் போறதும் வாறதும்தான், மீன் தொட்டி வச்சிருக்கிற ஆக்கள் தயவுசெஞ்சு கவனிங்க, பில்டர் கனநேரம் நிண்டா ஸ்பாஞ்சில இருக்கிற நல்ல பாக்டீரியாவும் ஒட்சிசன் இல்லாம செத்துப்போகும். மீன்ட கழிவில வாற அமோனியா எண்ட நஞ்ச நைட்ரைட் ஆக்கி மறுகா நைட்ரேட் ஆக்கிறது அதுகள்தான். அதுகள் இல்லாட்டி தண்ணி தெளிவாத்தான் தெரியும், ஆனா மீன் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடும், செவுள் செவந்து கிடக்கும், பாக்க ஏலா.

கரண்ட் வந்த உடன ஸ்பாஞ்ச மணந்து பாருங்க, கூழ்முட்டை மணம் அடிச்சா அப்படியே ஓட விடாம தொட்டியில அள்ளின தண்ணியில அலசிப் போடுங்க, பைப் தண்ணி வேணாம், குளோரின் பட்டா மிச்சமும் போயிடும். தெரிஞ்ச ஆக்கள்ட நோயில்லாத பழைய தொட்டி இருந்தா அவங்கட ஸ்பாஞ்சில ஒரு துண்டு வாங்கி ஈரம் காயமுதல் உங்கட பில்டருக்குள்ள வைங்க, கடையில விக்கிற பாக்டீரியா போத்தல விட நான் இதத்தான் நம்புவன். சாப்பாட்டக் குறைங்க, நாலில ஒரு பங்கு தண்ணிய குளோரின் போன தண்ணியா மாத்துங்க. பாக்டீரியா முழுக்க செத்திருந்தா திரும்ப வளர 4 - 6 கிழமை எடுக்கும், அதுவரைக்கும் புது மீன் வேணாம், புள்ளையள் எவ்வளவு கேட்டாலும்.