பத்தாம் கால்வாய்க் கரையில் ஒரு வாரம்

2024 ஜனவரி 9

தாய்லாந்தில், பாங்காக்குக்கு வடக்கே, ரங்சித்திலிருந்து நக்கோன் நாயோக் செல்லும் 305ஆம் எண் சாலையில் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். சாலையை ஒட்டியே பெரிய கால்வாய் ஓடுகிறது. ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு பாலம், அதன் அடியில் ஒரு கிளைக் கால்வாய். குளோங் (கால்வாய்) ஒன்று, குளோங் இரண்டு என்று வேன் ஓட்டுநரோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே வந்து பத்தில் இறங்கினேன். வடக்கே போனால் நோங் சுவா வட்டம். தங்குமிடத்து அம்மாளை எல்லோரும் 'பா' என்கிறார்கள். அப்பாவுக்கு அக்கா என்றாலும் அம்மாவுக்கு அக்கா என்றாலும் இங்கே அதே சொல்தான். பெரியம்மா என்றே வைத்துக்கொண்டேன். அவர் வீட்டு நாட்காட்டியில் புத்தர் ஆண்டு 2567.

ஜனவரி 10

பக்கத்து வட்டமான குளோங் லுவாங்கில் தம்பொன்களின் பெயரே கால்வாய் ஒன்று, கால்வாய் இரண்டு என்று ஏழு வரை போகிறது. (தம்பொன் என்பது பல கிராமங்கள் சேர்ந்த ஊராட்சி வட்டாரம்.) தெற்கே ஒரு கால்வாய்க்கு 'ஆறு வா' என்று பெயர். வா என்பது இரு கைகளையும் விரித்த நீளம், இன்றைய கணக்கில் 2 மீட்டர். நம் மீனவர்கள் பாகம் என்பார்களே, அதே அளவை. அகலத்தையே பெயராக வைத்துவிட்டார்கள்.

நோங் சுவாவில் கதை வேறு. அந்தப் பெயருக்குப் புலிக் குட்டை என்று பொருள். இங்குள்ள ஏழு தம்பொன்களில் நான்கு 'புங்' என்று தொடங்குகின்றன. புங் என்றால் பெரிய சதுப்பு ஏரி. இப்போது கண்ணுக்கு எட்டியவரை ஏரி எதுவும் இல்லை. புலியைப் பற்றிப் பெரியம்மாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டு மீனைப் புரட்டப் போய்விட்டார்.

ஜனவரி 12

கால் வலிக்கும்வரை நடந்தேன். ஒரு வளைவுகூட இல்லை. ஆறு இப்படி ஓடாது. வரைகோல் வைத்துக் கோடு போட்டவனின் வேலை இது.

அந்தக் கோட்டைப் போட்டது ஒரு கம்பெனி. தாய்லாந்து சியாமாக இருந்த காலம்; சியாம் கால்வாய், நில, நீர்ப்பாசனக் கம்பெனி 1888இல் உருவானது. சூலலோங்கோர்ன் மன்னர் அதற்கு 25 ஆண்டு உரிமை கொடுத்தார். சாவோ பிராயா ஆற்றையும் நக்கோன் நாயோக் ஆற்றையும் இணைக்கும் முதன்மைக் கால்வாய்க்கு 8 வா அகலம். தோண்டியதற்குக் கூலி நிலம்தான்: கால்வாயின் இருபுறமும் 40 சென், அதாவது 1,600 மீட்டர் வரை. அரிசி ஏற்றுமதி சூடுபிடித்திருந்த காலம் அது, நிலம் விற்கக் கேட்க வேண்டுமா? கம்பெனியின் முன்னணியில் இருந்தவர் இளவரசர் சாய். கால்வாய்க்குக் கிடைத்ததோ அவருடைய பேரன் ரங்சித் இளவரசரின் பெயர். வேலை தொடங்கிய 1890இல் பேரனுக்கு வயது ஐந்து!

அதற்கு முன் இது யானைகள் மேய்ந்த வெளி. கிளைகிளையாய்க் கொம்பு விரியும் ஷோம்பர்க் மான் வாழ்ந்ததும் இப்படிப்பட்ட சதுப்பு வெளிகளில்தான். நெல் வர வர மான் ஒதுங்கியது. கடைசி வளர்ப்பு மானும் 1938இல் செத்தது.

ஜனவரி 13

1902இல் இங்கே உருவாக்கிய மாகாணத்துக்குத் தன்யபுரி என்று பெயர். தானியத்தின் ஊர். தெற்கே அதன் ஜோடி மின்புரி, மீனின் ஊர். இரண்டுக்கும் எனக்கு அகராதி தேவைப்படவில்லை. தன்யபுரி 1932இல் பதும்தானியோடு சேர்ந்துவிட்டது. பதும் என்றால் தாமரை. இதற்கும் அகராதி வேண்டாம்.

ஜனவரி 15

கம்பெனியின் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை. கால்வாய் இருந்தது, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் தலைமதகு இல்லை. மழையும் வெள்ளமும் தருவதைத் தேக்கிவைப்பதோடு சரி. 1902இல் வந்த டச்சுப் பொறியாளர் ஹோமான் வான் டெர் ஹெய்டே சாவோ பிராயாவின் குறுக்கே சாய்நாட்டில் அணை கட்டச் சொன்னார். செலவு அதிகம் என்று தள்ளிவைத்தார்கள். அது கட்டி முடிந்தபோது 1957. அதற்குள் 1924இல் பாசக் ஆற்றில் ஆறாம் ராமா அணை எழுந்து, அதன் நீர் ராபிபாட் கால்வாய் வழியாக இங்கே வந்து சேர்ந்தது.

மண்ணும் சாதுவல்ல. 'புளிப்பு மண்' என்கிறார்கள். அடியில் கந்தகம் கலந்த களி இருக்கிறது. காய்ந்து காற்றுப் பட்டால் அமிலமாகிவிடும். சுண்ணாம்பு போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். அந்த மண்ணிலேயே வாய்க்கால் வெட்டி, மேட்டுப்பாத்தி கட்டி, ஆரஞ்சு வளர்த்தார்கள். பாத்திகளுக்கு இடையே படகு செல்லும், படகிலிருக்கும் பம்பு இருபுறமும் நீர் இறைக்கும். பெரியம்மா வீட்டிலும் தோட்டம் இருந்ததாம். கிரீனிங் நோயில் இலை மஞ்சளாகி மரங்கள் போயின. மிச்சத்தை 2011 வெள்ளம் பார்த்துக்கொண்டது. இப்போது அதே பாத்திகளில் எண்ணெய்ப்பனை நிற்கிறது, வாழையும் கொஞ்சம் இருக்கிறது. பழைய படகு கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கிறது, உள்ளே கோழி அடைகாக்கிறது.

ஜனவரி 16

திரும்பும் வழியில் ரங்சித் சந்தையில் ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கினேன். எந்த ஊர்ப் பழம் என்று கேட்டேன். "ஃபாங்" என்றார் கடைக்காரர். வடக்கே, சியாங் மாய் மலைப்பக்கம்.