ஓ-இல்-பால்

கொரியத் தலைநகர் சோலில் மேடை நாடகங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதி, நாடகம் நடக்கும் நாளில் பின்வரிசையில் உட்கார்ந்து அதை வரிவரியாகத் திரைக்கு ஏற்றுவது என் பிழைப்பு. ராணுவ ஆட்சியை எதிர்த்துக் குவாங்ஜு நகர மக்கள் நடத்திய எழுச்சியைப் பற்றிய இசை நாடகம் ஒன்றை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோகிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். பாட்டுகள்தான் படுத்தும் என்று நினைத்தேன். படுத்தியது ஓர் எண்.

'ஓ-இல்-பால்' என்பார்கள் கொரியர்கள். ஐந்து, ஒன்று, எட்டு. 1980 மே 18 அன்று சொன்னம் தேசியப் பல்கலைக்கழக வாசலில் மாணவர்களை வான்குடைப் படையினர் தடியால் அடித்தது முதல், மே 27 விடியலில் மாகாண அலுவலகக் கட்டடத்துக்குள் ராணுவம் புகுந்தது வரை எல்லாம் அந்த மூன்று இலக்கங்களுக்குள் இருக்கிறது. சோலில் ஒரு நடிகர் அதைச் சொன்னால் அரங்கு உறைந்துவிடும். ஆங்கிலத் திரையில் 518 என்று போட்டால் ஹோட்டல் அறை எண் போல இருக்கிறது. குவாங்ஜுவையே சீனத்துக் குவாங்சோ என்று நினைப்பவர்கள் உண்டு.

அதனால் தயாரிப்பாளர்கள் பயந்தார்கள், நானும் பயந்தேன். திரை உயர்வதற்கு முன் ஓடுவதற்காக ஐந்து பக்க முன்னுரை எழுதினேன். 1979 அக்டோபரில் அதிபர் பார்க் சுங்-ஹீ சுட்டுக் கொல்லப்பட்டது, டிசம்பரில் தளபதி சுன் டூ-ஹ்வான் ராணுவத்தைக் கைப்பற்றியது, மே 17 இரவில் ராணுவச் சட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது, வெளியூர்த் தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டது எல்லாம் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரு பாட்டின் கதை. ஆங்கிலம் பேசும் ஊர் ஒன்றில் முதலீட்டாளர்களுக்காக ஒரு வாசிப்பு அரங்கேற்றினோம். அவர்கள் பரீட்சைக்கு முந்தைய மாணவர்களைப் போல் திரையைப் படித்துக்கொண்டே இருந்தார்கள்; முதல் பாட்டு அவர்கள் தலைக்கு மேலே போய்விட்டது. பிழை என்னுடையதுதான். ஐந்து பக்கத்தையும் நீக்கினேன்.

பிறகு சோறு வந்தது. அந்த மே மாதத்தில் குவாங்ஜு சந்தைப் பெண்கள் தெருவிலேயே சோறு வடித்து, உருட்டி, போராடியவர்களின் கையில் கொடுத்தார்கள். அதன் பெயர் 'சுமொக்பாப்'. சுமொக் என்றால் முஷ்டி, பாப் என்றால் சோறு. அகராதி ஆங்கிலத்தில் அது ஜப்பானியக் கடையின் சிற்றுண்டியாகிவிடுகிறது. எதையும் முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். கவளம் என்று தமிழ் உடனே கொடுத்துவிட்டது. பிடித்த கை, உண்ணும் வாய் இரண்டும் அதில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அந்த இடத்தில் வெறும் 'சாப்பிடு' என்று மட்டும் போட்டேன். நடிகையின் கை மிச்சத்தைச் சொல்லிவிடும்.

மே 27 விடியலுக்கு முன் ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் நகரத்தை எழுப்பியது வரலாறு. ராணுவம் வருகிறது, எங்களை மறந்துவிடாதீர்கள் என்பது அதன் சாரம். தமிழின் அந்த 'தீர்கள்' கொரியத்தின் மரியாதை விகுதிக்கு ஏறக்குறையச் சரியாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் கட்டளையாகிவிடுகிறது. ஒத்திகை ஒன்றில் அந்த வரியை அரை விநாடி முன்னதாக ஏற்றிவிட்டேன். நடிகை வாய் திறக்கும் முன்பே பார்வையாளர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது; அவர் மூச்செடுத்தது வீணாகப் போனது. இயக்குநர் கோபிக்கவில்லை. "குரல் முதலில், எழுத்து அப்புறம்" என்றார். இப்போது அந்த வரியை ஒரே ஒரு முறை காட்டுகிறேன். குரல் திரும்பத் திரும்ப ஒலிக்கும்போது திரை கறுப்பாக இருக்கும்.

இடையில் 2024 டிசம்பர் 3 இரவு வந்தது; அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் அறிவித்த இரவு. அதுவரை எங்கள் இளம் நடிகர்கள் 'கே-அம்', அதாவது ராணுவச் சட்டம், என்ற சொல்லைப் பாடப்புத்தகச் சொல்லாகவே உச்சரித்தார்கள். நாடாளுமன்றம் 190 வாக்குகளால் அதைத் தூக்கிப்போடச் சில மணி நேரமே ஆனது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஆண்டு தைபே. சீன சப்டைட்டிலை ஒரு தைவான் பெண் இயக்கினார், ஆங்கிலம் என்னிடம். '518' திரையில் வந்தபோது யாரும் தலை சாய்த்துப் பக்கத்தில் கேட்கவில்லை. 1947 பிப்ரவரி 28 படுகொலையை அவர்கள் '228' என்றுதான் சொல்கிறார்கள். 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டத்தில் வாழ்ந்த ஊர். எண்ணாகிப்போன துக்கத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இறுதிப் பாட்டு, கொரியப் போராட்டங்களில் கண்டிப்பாக ஒலிக்கும் அந்த அணிவகுப்புப் பாட்டு. என் முன்வரிசையில் ஒரு முதியவர் சீனத்தில் முணுமுணுத்துக் கூடவே பாடினார். தைவான் தொழிலாளர்கள் அதே மெட்டை வேறு வரிகளோடு பல ஆண்டுகளாகப் பாடுகிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். நாடகம் முடிந்ததும் அவர் என் சக ஊழியர் வழியாகக் கேட்டார், இது எங்கள் பாட்டு, நீங்கள் எப்படி எடுத்தீர்கள் என்று.

குவாங்ஜுவில் பிறந்தது, ஐயா என்றேன். மாகாண அலுவலகத்தில் மே 27 அன்று இறந்த யுன் சாங்-வொனுக்கும், 1978-லேயே இறந்துவிட்ட இரவுப் பள்ளி ஆசிரியை பாக் கி-சுனுக்கும் 1982-இல் நடந்த திருமணத்தை ஒட்டிப் பிறந்தது.

"இறந்தவர்களுக்கா?" என்றார். "அதை ஏன் திரையில் போடவில்லை?"

நான் நீக்கிய ஐந்தாவது பக்கம் அதுதான்.