22 டிகிரி யார் சொன்ன கணக்கு?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்து அலுவலகக் கட்டடங்களில் பெசிலிட்டி வேலை, அதாவது கட்டடப் பராமரிப்பு வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் முதலில் ஏசி புகாரைப் பற்றித்தான் சொல்வார்கள். 22 டிகிரியில் வைத்த ஒரே தளத்தில் ஒருவர் சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பார். நாலு நாற்காலி தள்ளி இன்னொருவர், வியர்க்கிறது என்று ஹெல்ப்டெஸ்க்குக்கு டிக்கெட் போடுவார். டெக்னீஷியன் போய் ஒரு டிகிரி மாற்றிவிட்டு வருவார். அரை மணி நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து டிக்கெட் வரும். "அந்த மேடம் எப்பவுமே அப்படித்தான் சார்" என்று ஷிஃப்ட் மாறும்போது சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த மேடத்துக்கு உண்மையிலேயே குளிர்கிறது என்று எனக்குப் புரியவைத்தவை ஆராய்ச்சிக் கட்டுரைகள்தான்.

உலகம் முழுக்க அலுவலகங்களில் புழங்கும் வெப்பநிலைக் கணக்குகளுக்கு அடிப்படை, டென்மார்க்கின் ஃபாங்கர் 1970-ல் வெளியிட்ட ஆய்வு. டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் கல்லூரி வயது இளைஞர்களைச் சோதனை அறைகளில் உட்கார வைத்து அளந்தவை அந்த எண்கள். நேர்த்தியான வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் மே மாத வெயிலில் பைக் ஓட்டி பெருங்குடிக்கு வந்து சேருபவரின் உடம்பு அந்த அறைக்குள் இல்லை. பெண்களின் உடல் உற்பத்தி செய்யும் வெப்பத்தை இந்தக் கணக்கு 35 சதவீதம் வரை கூடுதலாக மதிப்பிடக்கூடும் என்று 2015-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள்.

நம் ஊர் உடம்பை அளந்தவர்கள் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். சென்னை, பெங்களூரு, அகமதாபாத், டெல்லி, சிம்லா என்று ஐந்து ஊர்களில் 16 அலுவலகக் கட்டடங்களுக்குள் போய், வெவ்வேறு பருவங்களில் 6,330 பதில்களை வாங்கினார்கள். ஏசி கட்டடங்களில்கூட, பழைய கணக்கு 'சூடாக இருக்கும்' என்று சொன்ன அளவுக்கு நம் ஆட்களுக்குச் சூடு தெரியவில்லை. வெளியே உள்ள வெப்பத்தையொட்டி நமக்கு இதமான வெப்பமும் நகர்கிறது. இப்படிக் கணக்கிடும் முறை 2016-ன் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் இடம்பெற்றது. அப்படியிருந்தும், நான் பார்த்த பராமரிப்பு ஒப்பந்தங்களில் '22 டிகிரி, ஒன்று கூடக் குறைய' என்ற வரி அப்படியே நிற்கிறது. எனக்கு இது பெரிய ஆதங்கம். நம் ஊரிலேயே அளந்த எண் கையில் இருக்கிறது, அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

இதைப் படித்தபின் நாங்கள் பராமரிக்கும் கட்டடத்தில் டிக்கெட் படிவத்தை மாற்றினோம். 'ஏசி சரியில்லை' என்று மட்டும் எழுதாமல் எந்த இருக்கை, எத்தனை மணி, தலைக்கு மேல் டிஃபியூசர் (ஏசி காற்று வெளிவரும் வாய்) உண்டா, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டோம். கொஞ்ச நாளில் படம் தெளிவாகிவிட்டது. குளிர்ப் புகார் பெரும்பாலும் டிஃபியூசருக்கு நேர் கீழே உள்ள இருக்கைகளிலிருந்து வந்தது. வெக்கைப் புகார் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேற்குக் கண்ணாடியோரம். இரண்டுமே செட் பாயின்ட்டை, அதாவது ஏசியில் வைக்கும் டிகிரியைத் தொட்டுத் தீர்கிற விஷயம் அல்ல. காற்று வரும் திசையைத் திருப்பினோம், மேற்கே பிளைண்ட் போட்டோம், அப்புறம் வாரத்துக்கு அரை டிகிரியாக 24 வரை ஏற்றினோம். டிக்கெட் குறைந்தது, ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் சுமையும் குறைந்தது.

இயந்திரப் பராமரிப்பிலும் 'இது யார் சொன்ன கணக்கு' என்ற இதே கேள்வியைக் கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடலோர விமானப்படையின் பதிவுகளை ஆராய்ந்த வாடிங்டன் அடிப்படையில் உயிரியலாளர். 50 மணி நேரச் சோதனை முடிந்து வந்த உடனேதான் விமானங்களில் பழுது கூடுதலாக வருகிறது என்று அவர் கண்டார். நன்றாக ஓடும் பொருளைப் பிரித்து மாட்டுவதே சில சமயம் கோளாறைக் கொண்டுவருகிறது. மாதம் ஒருமுறை பம்பைத் திற என்று அட்டவணை போடுபவர்கள், அந்த 'மாதம் ஒருமுறை' எதை வைத்து வந்தது என்று ஒருமுறையாவது விசாரிக்க வேண்டும்.

குறை ஆய்வாளர்கள் பக்கமும் இருக்கிறது. எம்.இ. மாணவர்கள் கேள்வித்தாளோடு வருவார்கள், பதில் வாங்கிப் போவார்கள், முடிவு என்ன ஆனது என்று சொல்ல யாரும் திரும்புவதில்லை. அதனால் இப்போது ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: பி.எம்.எஸ். (கட்டடத்தின் ஏசி முதலியவற்றைக் கண்காணிக்கும் கணினி அமைப்பு) பதிவுகளைத் தருகிறேன், ஆனால் கண்டுபிடித்ததை டெக்னீஷியன்களுக்குத் தமிழில் விளக்கிவிட்டுப் போக வேண்டும்.

அப்படி ஒரு விளக்கத்தின்போது ஏஎச்யூ எனப்படும், காற்றைக் குளிர்வித்து அனுப்பும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் மூத்த ஆள் கேட்டார்: "டிகிரியை ஏத்தினா சில்டு வாட்டர் வால்வு மூடிக்குது. ஈரம் உள்ளேயே நின்னுடுமே தம்பி, நவம்பர்ல என்ன பண்ணுவீங்க?" குளிர்ந்த நீர் ஓட்டம் குறைந்தால் காற்றிலிருந்து ஈரம் பிரிவதும் குறையும்; கடலோர ஊருக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. மாணவரின் அளவீட்டில் ஈரப்பதம் இல்லை. வரும் வடகிழக்குப் பருவமழைக்கு அதையும் அளக்க ஏற்பாடு ஆகிறது. சென்சாரை ரிட்டர்ன் டக்டில் (அறைக் காற்று திரும்பிப் போகும் குழாயில்) வைப்பதா, இருக்கை உயரத்தில் வைப்பதா என்று அவரும் மாணவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.